மகளை மரத்தடிப் பள்ளிக்கு மாற்றலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

சரவணம்பட்டி அப்பா:

வணக்கம். மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறாள், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சிபிஎஸ்இ பள்ளி. போன மாதம் அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது கூட உட்கார்ந்திருந்தேன். செடியின் பாகங்கள். படத்தில் அம்புக்குறி போட்டு வேர், தண்டு, இலை, பூ என்று எழுத வேண்டும், மளமளவென்று எழுதிவிட்டாள். பால்கனியில் அவள் அம்மா தொட்டியில் வைத்திருக்கும் தக்காளிச் செடியைக் காட்டி இதில் தண்டு எது கண்ணு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "இது புக்ல இல்லப்பா" என்றாள். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்து 30 கிலோமீட்டரில் இருக்கும் ஒரு பள்ளிக்குப் போய்ப் பார்த்து வந்தோம். ஓட்டுக் கூரை, சீருடை கிடையாது, எட்டாம் வகுப்பு வரை தேர்வு கிடையாது, இரண்டு பசு, ஒரு குட்டை, பிள்ளைகள் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. வருஷத்துக்கு ஒண்ணேகால் லட்சம், வேன் தனி. மனைவி கேட்பது ஒன்றே ஒன்றுதான், பத்தாம் வகுப்பில் என்ன செய்வாள்? மாமனார் கேட்டது வேறு. "காசு கட்டி மாடு மேய்க்க அனுப்பறீங்களா மாப்ள?"

யாராவது இந்த மாதிரிப் பள்ளியில் பிள்ளையைப் போட்டிருந்தால், நல்லதோ கெட்டதோ, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இரண்டாம் பெஞ்சு:

உங்கள் மாமனாருக்கு இந்த மன்றத்தில் ஒரு கணக்கு தொடங்கிக் கொடுங்கள் சார். இங்கே அவர் மாதிரி ஆள் தேவை.

ஓலைக்கொட்டாய்:

என் மகன் ஒன்றிலிருந்து ஐந்து வரை அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் படித்தான். ஆறாம் வகுப்புக்கு வீடு மாறியதால் அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றினோம். இப்போது ஒன்பதாவது. பள்ளியின் பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். அவனுக்குப் பயம் கிடையாது. பெரியவர்களிடம் கேள்வி கேட்பான், தெரியாததைத் தெரியாது என்பான், ஒரு இடத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கத் தெரியும். செம்போத்து கத்தினால் நிமிர்ந்து பார்க்காமலேயே எந்த மரம் என்று கை காட்டுவான்.

கெட்டது, ஆறாம் வகுப்பில் நுழைந்தபோது நீள் வகுத்தல் வராது. வாய்ப்பாடு ஏழுக்கு மேல் தள்ளாடும். ல, ள, ழ மூன்றும் அவனுக்கு ஒன்றுதான். பள்ளியில் கேட்டபோதெல்லாம் "அவனுக்குத் தோன்றும்போது வரும்" என்றார்கள், நாங்களும் நம்பினோம். எழுத்து வரலாம், பேச்சு போலத் தொற்றிக்கொள்ளும் பகுதி அதில் கொஞ்சம் உண்டு. ஆனால் வகுத்தல் வேப்பமரத்திலிருந்து பழம் மாதிரி விழாது, யாராவது உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும். முதல் ஆறு மாதம் தினமும் இரவு அழுகை. புதுப் பள்ளியில் ஒரு கணக்கு டீச்சர் சாப்பாட்டு இடைவேளையில் இவனையும் இன்னும் நாலு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார், வருஷக் கடைசியில் சமாளித்துவிட்டான்.

அதனால் நீங்கள் பார்த்த பள்ளியில் குட்டையைப் பார்த்தது போதும், நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட வேண்டாம். திருவண்ணாமலையில் மருதம் பண்ணைப் பள்ளிக்குப் போயிருக்கிறேன். அருணாசல மலையில் மறுபடி காடு வளர்க்கிறவர்களோடு சேர்ந்து இயங்கும் பள்ளி அது, சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். தருமபுரி பக்கம் நாகர்கூடலில் புவிதம் இருக்கிறது, பிழைப்புக்கு வெளியூர் போகும் கூலிக் குடும்பங்களின் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். இவையெல்லாம் யாரோ இருந்து, மண்ணோடு கிடந்து உண்டாக்கியவை. ஊருக்கு வெளியே மனை வாங்கி, மூங்கில் தட்டி கட்டி, இணையத்தில் படம் போடும் பள்ளிகளும் இப்போது அதே வார்த்தைகளைத்தான் பேசுகின்றன.

கருப்புச் சட்டை:

மாமனார் கேட்டதைச் சிரித்துக் கடக்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1953இல் ராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டு வந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம், மீதி நேரம் வீட்டில் அப்பா அம்மாவோடு அவர்கள் தொழிலைக் கற்க வேண்டும். சொன்ன காரணங்கள் கேட்க அழகாகத்தான் இருந்தன. கட்டடம் போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, கையால் செய்து கற்பது நல்லது, இப்படி. குயவன் மகன் மண் பிசைய வேண்டும், சலவைத் தொழிலாளி மகன் வெளுக்க வேண்டும் என்பதுதான் நடைமுறையில் அதற்குப் பொருள். குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது, 1954இல் ராஜாஜி விலகிக் காமராசர் வந்ததும் திட்டம் போயிற்று. அதற்கும் முன்னால் 1937இல் வார்தாவில் காந்தி பேசிய ஆதாரக் கல்வியிலும் நடுநாயகம் கைத்தொழில்தான்.

என் அப்பா வயல் கூலி. சேற்றிலிருந்து நான் வெளியே வர வேண்டும் என்றுதான் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். இப்போது அதே சேற்றுக்குள் இறங்க ஒண்ணேகால் லட்சம் என்கிறீர்கள். உங்கள் மகள் மண்ணில் விளையாடிவிட்டு வந்து டெட்டால் போட்டுக் கழுவிக்கொள்வாள், பத்தாம் வகுப்புக்குள் ட்யூஷன் வைத்து மேலே ஏற்றிவிடுவீர்கள். அந்த வசதி இல்லாத பிள்ளைக்கு வகுத்தல் வரவில்லை என்றால் அவன் கதை அங்கேயே முடிந்தது. இது கோபமில்லை தோழர், கணக்கு.

சரவணம்பட்டி அப்பா:

அண்ணா, உறைக்கிறது. பதில் இல்லை. ஆனால் தக்காளிச் செடியில் தண்டு தெரியாத பிள்ளையை அப்படியே விட்டுவிடுவதா?

கட்டை விரல் (ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்):

34 வருஷம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருப்புச் சட்டைத் தம்பிக்கு. நீங்கள் சொன்னது சரி. நானே அதை என் பள்ளியில் கண்ணால் பார்த்தேன். தோட்டம் போட்டோம், பசுமைப் படை என்று பெயரும் வைத்தாயிற்று. ஒரு மாதம் கழித்து ஒரு நாள் தள்ளி நின்று கவனித்தபோதுதான் தெரிந்தது, சாணி அள்ளுவது தினமும் ஒரே நாலு பிள்ளைகள், நோட்டில் குறிப்பு எழுதுவது தினமும் வேறு நாலு பிள்ளைகள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே பிரிந்துகொண்டார்கள். எந்தத் தெருப் பிள்ளைகள் எது செய்தார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. வெட்கமாக இருந்தது. மறுநாளே முறை போட்டேன், மண்வெட்டி பிடித்த கை அடுத்த நாள் பேனா பிடிக்க வேண்டும், பேனா பிடித்த கை அடுத்த நாள் சாணி அள்ள வேண்டும். இரண்டு பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். எந்த இரண்டு பேர் என்பதையும் ஊகித்துக்கொள்ளுங்கள். ஆகவே தம்பி, அப்பன் தொழிலை மகன் தலையில் கட்டுவது வேறு, எல்லாப் பிள்ளையும் எல்லாம் தொடுவது வேறு. முறை போட ஆள் இல்லாத இடத்தில் இரண்டாவது தானாகவே முதலாவதாக மாறிவிடும், அந்த அளவில் உங்கள் பயம் நியாயம்.

இனி மகளுக்கு. பள்ளியை மாற்றாமலே எவ்வளவு செய்யலாம் என்று பாருங்கள்.

இரண்டு முழம் கயிறு எடுத்து முனைகளை முடிந்து, பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒன்றாகக் கொடுப்பேன். மைதானத்தில் பிடித்த இடத்தில் வட்டமாகப் போட்டுக்கொள்ள வேண்டும், அதற்குள் என்ன இருக்கிறதோ அதுதான் பாடம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதே இடம். வருஷம் பூராவும். முதல் வாரம் "புல்லு சார், கல்லு சார்" அவ்வளவுதான். ஆடி கழிந்து மழை விழுந்ததும் மூக்கிரட்டை, நெருஞ்சி, குப்பைமேனி, தும்பை எல்லாம் வரும், பெயர் தெரியாததற்குப் பிள்ளைகளே பெயர் வைப்பார்கள், அப்புறம் வீட்டில் ஆத்தாவிடம் கேட்டு வருவார்கள். ஐப்பசியில் சிவப்பு வெல்வெட் மாதிரி ஒரு பூச்சி ஊரும், அன்றைக்கு வேறு பாடமே நடக்காது.

நாலாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஆடு மேய்க்கிற குடும்பம். வாரத்தில் மூன்று நாள்தான் வருவான், வந்தாலும் வாய் திறக்க மாட்டான், மக்கு என்று மற்ற பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வேலியோரம் நின்ற ஒரு செடியைக் காட்டி, இது என்ன என்று எல்லாரையும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அவன் மெதுவாக "இத ஆடு திங்காது சார்" என்றான். பெயர் தெரியுமா என்றேன், தெரியாது என்றான். ஆடாதொடை! ஆடு தொடாத செடி, அவன் சொன்னதுதான் அதன் பெயரே. அதைச் சொன்னதும் அவன் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு ஆடு எதையெல்லாம் தின்னும், எதைத் தின்னாது என்று ஒரு மணி நேரம் அவன்தான் வாத்தியார். ஆடுதின்னாப்பாளையும் அவன் காட்டியதுதான்.

கணக்கும் அவனிடமிருந்தே எடுத்தேன். ஆட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, வாங்கி வளர்ப்பார்கள், தெரியுமல்லவா? போடுகிற குட்டியில் பாதி உடையவருக்கு, பாதி வளர்ப்பவருக்கு. இரண்டு குட்டி போட்டால் சரி. ஒன்றே ஒன்று போட்டால்? மூன்று போட்டு ஒன்று செத்தால்? பின்னம் என்ற சொல்லைச் சொல்வதற்கு முன்பே வகுப்பு முழுக்கப் பின்னம் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அதோடு நான் விடவில்லை. ஓலைக்கொட்டாய் சொன்னது நூற்றுக்கு நூறு. அன்று மதியம் கரும்பலகையில் இருபது கணக்கு எழுதிப் போட்டேன், எல்லாரும் போட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். ஆட்டில் புரிவது ஒன்று, கைக்குப் பழகுவது வேறு, இரண்டும் வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் எனக்கு நேரம் கிடைத்தது. ஆந்திரத்தில் ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் தங்கள் கிராமப் பள்ளிகளுக்கு உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்து, 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழ்நாடு முழுக்க ஒன்று முதல் நான்கு வரை கொண்டு வந்தார்கள். நாற்காலியை ஓரமாகப் போட்டுவிட்டு நாங்களும் பாயில் உட்கார்ந்தோம், பிள்ளை எட்டும் உயரத்தில் கரும்பலகை, அடுத்த பாடம் எது என்று காட்டும் ஏணிப்படிப் படத்தைப் பார்த்து அவனவன் அட்டையை அவனவன் எடுப்பான். எழுதிக் கொட்டும் பதிவேடுகள் பாதி உயிரை வாங்கின, அட்டை கிழிந்தால் மாற்று வர மாதக்கணக்கு ஆகும், பல பள்ளிகளில் பெயருக்குத்தான் நடந்தது, அதெல்லாம் உண்மை. இருந்தாலும் பிள்ளை எழுந்து நடக்கலாம் என்று எங்கள் பள்ளிகளில் வந்தது அப்போதுதான். காசு கட்டாத பிள்ளைகளுக்கு வந்தது, அதைக் கருப்புச் சட்டைத் தம்பி கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கருப்புச் சட்டை:

சேர்த்துக்கொண்டேன் ஐயா. முறை போட்ட கதையை எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லப் போகிறேன்.

மூக்குக் கண்ணாடி:

நான் கண் பரிசோதனைத் துறையில் இருக்கிறேன். இந்த விவாதத்தில் யாரும் சொல்லாத ஒன்று. எங்களிடம் வரும் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, பகலில் எவ்வளவு நேரம் வெளியே இருக்கிறான் என்பதுதான்.

சீனாவின் குவாங்சோவில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் ஒரு வகுப்பு வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதம், வெளி வகுப்பு நடந்த பள்ளிகளில் 30.4. இது 2015இல் வெளியான ஆய்வு. தைவானில் 2010லிருந்து பள்ளிப் பிள்ளைகள் நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்க வேண்டும் என்று ஒரு திட்டமே வைத்திருக்கிறார்கள். வெயிலில் காய வேண்டியதில்லை. வகுப்பறைக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான், மர நிழலில் சில ஆயிரம் இருக்கும். அந்த வெளிச்சம்தான் முக்கியமான விஷயம் என்று நினைக்கிறார்கள்.

எனவே மாமனாரிடம் சொல்லுங்கள், மாடு மேய்த்தால் கண்ணாடி செலவு மிச்சம்.

தாம்பரம் அக்கா:

இதெல்லாம் சரி, பாம்பு? யாராவது அதைப் பேசுங்களேன். என் தம்பி மகள் பள்ளியில் ஒரு தடவை கழிப்பறைப் பக்கம் வந்துவிட்டது, அதோடு தோட்டத்தையே மூடிவிட்டார்கள்.

கட்டை விரல்:

அக்கா, நல்ல கேள்வி. குட்டையும் ஓட்டுக் கூரையும் உள்ள பள்ளியில் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். நம்மூரில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது நாலு வகைதான், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். படம் காட்டி ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம். பார்த்தால் நில், பின்னால் நகர், பெரியவரைக் கூப்பிடு, கல் எறியாதே. கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது, கை காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சேர்க்கும் முன் பள்ளியில் கேளுங்கள், விஷமுறி மருந்து உள்ள மருத்துவமனை எது, எத்தனை நிமிடம், வண்டி எது? உடனே பதில் வர வேண்டும். "எங்கள் பிள்ளைகள் இயற்கையோடு ஒன்றியவர்கள், எதுவும் ஆகாது" என்று யாராவது சொன்னால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

நிலா அம்மா:

நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. மண் என்று எதுவும் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். போன கோடையில் வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறையின் சன்ஷேடுக்குக் கீழே மழை படாத ஒரு முழம் மணலில் குழியானைப் பூச்சியின் குழிகள் இருப்பதைக் காவலாளி தாத்தா என் மகளுக்குக் காட்டிவிட்டார். அவ்வளவுதான், விடுமுறை முழுக்க அங்கேயே. ஸ்கேலால் குழியின் அகலத்தை அளந்து எழுதினாள், பெரிய குழியில் பெரிய குழியானை இருக்கிறதா என்று பார்க்க. எறும்பு விழுந்ததும் கீழேயிருந்து மணலை வாரி அடிக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு இரவு தூங்கவில்லை. அது ஏன் பின்னாலேயே நடக்கிறது, முன்னால் நடக்கத் தெரியாதா என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? தேடிப் பார்த்ததில் அது வளர்ந்து தும்பி மாதிரி சிறகு முளைத்துப் பறந்துவிடுமாம். நாற்பது வருஷம் இந்த மண்ணில் வாழ்ந்துவிட்டு அதைத் தெரிந்துகொள்ள ஏழு வயதுப் பிள்ளை வேண்டியிருந்தது.

சொல்ல வந்தது அதில்லை. இதற்கு முன்னால் அவள் பள்ளியில் "விவசாயி தினம்" கொண்டாடினார்கள், வேட்டி, முண்டாசு, ஒட்டு மீசை எல்லாம் நாங்கள் வாங்கித்தர வேண்டும், பத்துக்குப் பத்து பாத்தியில் ஆளுக்கு நாலு நாற்று நட்டு, மேலேயிருந்து ட்ரோனில் படம். மறுநாள் அந்த நாற்று என்ன ஆனது என்று கேட்டேன், பிடுங்கிவிட்டார்களாம், அடுத்த பிரிவுக்கு இடம் வேண்டுமே. அந்த மீசை இன்னும் வீட்டில் கிடக்கிறது.

இரண்டாம் பெஞ்சு:

ஒட்டு மீசை வைத்த விவசாயியை ட்ரோனில் எடுத்தால் மீசை எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லையா?

ஓலைக்கொட்டாய்:

சரவணம்பட்டி சார், மனைவி கேட்ட பத்தாம் வகுப்புக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டோம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. அங்கீகாரம் இல்லாத பள்ளியில் கடைசி வரை இருந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்பு எழுதலாம், 14 வயது முடிந்திருக்க வேண்டும். வழி உண்டு. ஆனால் ஆறாம் வகுப்பிலேயே மாற்றுவது எட்டில் மாற்றுவதைவிடப் பிள்ளைக்கு லேசு, பட்டவன் சொல்கிறேன்.

நீங்கள் மாற்றாமல் இருப்பதாக இருந்தால், பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 15 நிமிடம் ஒரு இடத்தில் நின்று பார்த்ததை இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவிட்டால் போதும். ஒரே மரத்தை வாராவாரம் பார்த்துத் தளிர், பூ, காய் குறிக்கும் சீசன்வாட்ச் என்று ஒன்று இருக்கிறது, கேரளத்தில் நிறையப் பள்ளிப் பிள்ளைகள் செய்கிறார்கள். தெருவில் ஒரு புங்கை இருந்தால் ஆயிற்று.

சரவணம்பட்டி அப்பா:

எல்லாருக்கும் நன்றிங்க. மூன்று வாரம் கழித்து இப்போதுதான் இங்கே வருகிறேன்.

அந்தப் பள்ளிக்கு மறுபடி போனேன். நாலாம் வகுப்புக் கணக்கு நோட்டு கேட்டேன். "நாங்கள் நோட்டு வைப்பதில்லை, குழந்தையின் பயணத்தைப் பதிவு செய்கிறோம்" என்றார்கள். பாம்புக் கேள்விக்கு மட்டும் நல்ல பதில் வந்தது, அது அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் சொன்னது. உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் கேட்டேன். இரண்டு. இரண்டு பேரும் அந்த அக்காவின் பிள்ளைகள்.

இப்போதைக்கு மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் குளக்கரைக்குப் போகிறோம், மாமனாரும் வருகிறார். தக்கைப் பூண்டு எது, கொழிஞ்சி எது என்று அவர்தான் சொல்கிறார், எனக்கே தெரியாது. கயிற்று வட்டம் அபார்ட்மெண்ட் பின்புறம் ஓடுகிறது, நாலு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம். பால்கனி எலுமிச்சைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு இருந்தது, பிறகு பச்சையாக மாறி நன்றாகப் பெருத்திருந்தது. நேற்றுக் காலையிலிருந்து காணவில்லை. ஓணான் தின்றுவிட்டதா என்று கேட்டு ஒரே அழுகை. நாலாம் மாடிக்கு ஓணான் வருமா?

கட்டை விரல்:

அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். கூட்டுப்புழு ஆகும் நேரம் வந்தால் அது செடியை விட்டு இறங்கி வேறு இடம் தேடிப் போகும். தொட்டி விளிம்பு, துணிக் கொடிக் கம்பி, ஜன்னல் திட்டின் அடிப்பக்கம் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். இடுப்பில் ஒரு நூல் கட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். கிடைத்தால் தேதி குறித்து வையுங்கள், பக்கத்தில் துணி காயப் போட வேண்டாம்.

சரவணம்பட்டி அப்பா:

ஐயா! வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயில் இருக்கிறது. மாமனார்தான் கண்டுபிடித்தார். இனி துணி துவைப்பது எப்படி என்று மனைவி கேட்கிறார்.